பாண்டுரங்கனின் காத்தாடி

பாண்டுரங்கனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் ஊரைச் சுற்றி நிற்கும் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்தால் பெரிய ஏரியின் கரை வரும். அந்தக் கரையில் நின்று பார்த்தால் ஏரிக்கு அந்தாண்டை நாலு புளியமரமும் சில கூரைகளும் தெரியும். அதுதான் மேட்டுக்கொல்லை. கோடையில் ஏரிக்குள் இறங்கி நடந்தே போய்விடலாம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதோ, முடிந்தது கதை. முன்னால் ஏரி, பின்னால் கலங்கல் வழிந்து ஓடும் கால்வாய், நடுவில் ஒரு திட்டு. ஊரை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம்.

தண்ணீர் ஏறினால் மனுஷனுக்கு மட்டுமா மேடு வேண்டும்? எலிக்கு வேண்டும், தேளுக்கு வேண்டும், பாம்புக்கும் வேண்டும். எல்லாம் அந்தத் திட்டுக்குத்தான் ஏறி வரும். எழுபத்தைந்தாம் வருஷம் வாக்கில் ஒரு மழைக்காலத்தில் பாண்டுரங்கனின் அண்ணன் நாகப்பனை நல்லபாம்பு தீண்டிவிட்டது. வாழைத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதில் கிடத்தி, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏரியின் சேறு கழியை விழுங்கிக்கொண்டது. பாதி ஏரி தாண்டுவதற்குள் நாகப்பன் போய்விட்டான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் பாண்டுரங்கன்தான்.

காரியம் முடிந்த கையோடு, நாகப்பன் பெண்சாதி மரகதம் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. பாண்டுரங்கன் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். அழுது முடித்த முகத்தோடு சொன்னாள்.

"கெணத்துல கீற எஞ்சினக் கழட்டு தம்பி. மழக்காலத்துல எவன் தண்ணி எறைக்கறான்? அது சும்மாதான் குந்திக்கினு கீது. அத்த ஒரு படகுல மாட்டு. இனிமே இந்தக் கரைல குந்திக்கினு ஒருத்தனும் சாவக்கூடாது."

எஞ்சினில் பாதி அவள் பங்கு. அவள் சொன்னால் சரி. மீன் குத்தகைக்காரர் ஒருவர் ஓட்டை என்று கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பலகைப் படகை வாங்கித் தார் பூசினார்கள். மெட்ராஸ் போய்ப் பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்து, பித்தளையில் மூன்று இதழ் வைத்த ஒரு பழைய புரொப்பெல்லரைப் பாண்டுரங்கன் கொண்டுவந்தான். படித்தவர்கள்தான் அதைப் புரொப்பெல்லர் என்பார்கள். மேட்டுக்கொல்லையில் அதற்குக் காத்தாடி என்றே பெயர். மண்ணெண்ணெய் எஞ்சினைப் படகின் பின்பக்கத்தில் முடுக்கி, அதிலிருந்து நேராக ஒரு தண்டு விட்டு, தண்டின் நுனியில் காத்தாடியை மாட்டினான். கியர் கிடையாது, ஒன்றும் கிடையாது. எஞ்சின் சுற்றினால் காத்தாடி சுற்றும், படகு போகும்.

போனது. அடுத்த மழைக்காலம் முழுக்கப் போனது. காலையில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் நிற்கும் பால் வண்டியில் சேர்த்துவிட்டு, திரும்பும்போது அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் வந்தது. பிரசவத்துக்கு ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஊரில் அவனைக் கப்பல்காரன் என்று கிண்டல் செய்தார்கள். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அந்த வருஷக் கடைசியில், தண்ணீர் இறங்குகிற நேரத்தில், ஏரிக்குள் மறைந்திருந்த பனங்கட்டையில் காத்தாடி மாட்டிக்கொண்டது. ரெண்டு இதழ் அடியோடு பிய்ந்து ஏரிக்குள்ளேயே போயிற்று. மூன்றாவது இதழ் காதைத் திருகிய மாதிரி மடங்கிக் கிடந்தது.

கோடையில் யாருக்குப் படகு நினைவு? வெயில் வறுத்தெடுத்தது, வேர்க்கடலை காய்ந்தது, வீட்டில் இருந்ததெல்லாம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போயிற்று. ஆடி கழிந்து ஆவணியில் வானம் கறுக்க ஆரம்பித்ததும் பாண்டுரங்கன் உடைந்த காத்தாடியை எடுத்துப் பார்த்தான். மறுபடி மெட்ராஸ் போய்ப் பித்தளையில் வாங்குவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரம் லாரி ஷெட் வைத்திருந்த யாக்கோபு நினைவுக்கு வந்தார். வெல்டிங்கில் கெட்டிக்காரர். உடைந்ததை மாதிரிக்கு வைத்துக்கொண்டு இரும்பிலேயே ஒன்று செய்யச் சொல்லலாம். கூலிக்குப் பழைய பித்தளையையே கொடுத்துவிடலாம்.

யோசனை நல்ல யோசனைதான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷன். மடங்கின இதழை நிமிர்த்தத் தனியாக என்ன கேட்பாரோ என்று ஒரு பயம். அந்தக் கூலியையாவது மிச்சம் பிடிப்போமென்று, துணி துவைக்கிற கல்லின் மேல் காத்தாடியை வைத்து, சுத்தியால் தானே அடிக்க உட்கார்ந்துவிட்டான். இப்படித் திருப்பி அடித்தான், அப்படிக் கவிழ்த்து அடித்தான். இதழ் நிமிர்ந்தது. அதற்கு ஒரு சாய்வு இருந்தது என்பது நினைவிருந்தது. எந்தப் பக்கச் சாய்வு என்பது நினைவில்லை. பார்வைக்கு எது சரியாகப் பட்டதோ அந்தப் பக்கம் சாய்த்து இன்னும் ரெண்டு அடி கொடுத்தான். கனகம், அவன் பெண்சாதி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கரீட்டா வந்துச்சா?"

"சோக்கா வந்துகீது."

யாக்கோபு அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நைனா, நான் லாரி பாக்கறவன். படகப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ இன்னா காட்றியோ அத்த அச்சா அப்பிடியே செஞ்சு குடுப்பேன். இந்தச் சாய்வு சரிதானே?"

"சரிதாண்ணே."

அச்சாக அப்படியே செய்து கொடுத்தார், அதில் குறையே சொல்ல முடியாது. இரும்புக் குழாய்த் துண்டைச் சுற்றி மூன்று தகடு, மூன்றும் ஒரே அளவு, ஒரே சாய்வு. பித்தளையை உருக்குகிறவனிடம் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. திட்டே கூடி வந்து கரையில் நிற்க, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி, பாண்டுரங்கன் எஞ்சினைச் சுண்டினான். படபடவென்று பிடித்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, எஞ்சின் இருந்த பக்கமாகப் பின்னால் வந்து, நின்றிருந்தவர்கள் காலடியில் கரையை இடித்தது. ஊரே சிரித்தது. பாண்டுரங்கனும் சிரித்தான், வேறென்ன செய்வான். தண்ணீரில் முழுகிக் காத்தாடியைக் கழற்றிப் புரட்டி மாட்டினான். அப்போதும் படகு பின்னால்தான் போனது. எஞ்சினோ ஒரே பக்கம்தான் சுற்றும். அந்தச் சாய்வு எப்படிப் புரட்டினாலும் அதே சாய்வுதான் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. துவைக்கிற கல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. யாரிடமும் சொல்லவில்லை.

யாக்கோபுவிடம் ஓடினான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தகட்ட அறுத்துட்டு மறுபடி வெக்கணும் நைனா. கழட்டி எடுத்துக்கினு வா. நம்ம கைல வேல நெறைய கீது, ஒரு வாரமாவது ஆவும்."

ஒரு வாரம் படகு நின்றால் ஒரு வாரம் பால் நின்றது. பால்தான் அந்த மழைக்காலத்தில் ஊரின் சோறு. ஊரைக் கேட்டான். போகிறதா இல்லையா, போகிறதல்லவா, தை பிறந்து தண்ணீர் இறங்கினதும் மாற்றிக்கொள், என்றார்கள். அவனுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அவன் இடத்தில் நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நீங்களும்தான்.

ஆக, பின்பக்கம் முன்பக்கமாயிற்று. அதில் வந்த தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் பாரம் முழுக்க இப்போது முன்னால். அந்தப் பக்கப் பலகை தட்டை. வேகம் எடுத்தால் தண்ணீரை வாரிப் படகுக்குள் போட்டது. அதனால் மெதுவாகத்தான் போக முடிந்தது. ஏறுகிற ஆள் அந்தக் கடைசியில், கூர் முனையில் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். பால் கேனையும் அங்கேதான் வைக்க வேண்டும். அவனைத் தவிர ஒரு ஆளுக்கு மேல் ஏறினால் ஆபத்து. பாண்டுரங்கனோ எஞ்சின் பக்கத்தில், ரெண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துப் படகைத் திருப்பியபடி, பனங்கட்டை எங்கே கிடக்கிறதோ என்று தண்ணீரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏறினவர்கள் அவன் முதுகைத்தான் பார்த்தார்கள். எஞ்சின் போடுகிற சத்தத்தில் அவர்கள் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது.

மரகதம் ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பி இறங்கும்போது சொன்னாள்:

"இன்னா தம்பி இது. வழி முச்சூடும் ஒன் முதுகாண்ட பேசிக்கினு வந்தேன். அதுவும் பதில் சொல்லல."

"தைல மாத்திடறேன் அண்ணி."

"மாத்து. எனக்கு இது புடிக்கல."

இன்னொரு தொல்லை கேன் மூடி. கூர் முனையில் எஞ்சின் அதிர்வு அதிகம். மூடி கேனின் கழுத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் ஒன்றுதான் எஞ்சினையும் மீறிக் காதில் ஏறும். தினம் அதைக் கேட்டுத் தலைவலி கண்டவன், கனகத்தின் பழைய புடவைத் துணியைக் கிழித்து மூடிக்கு அடியில் திணித்து வைத்தான். அதற்கப்புறம் அந்தத் துணி கேனோடு கேனாகவே கிடந்தது.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை. பால் கறந்து கேன் நிரம்பிப் படகில் ஏறிவிட்டது. மரகதம் அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போனாள். மழைக்குப் பயந்து மாட்டுக் கொட்டகைக்குள் அடுக்கி வைத்திருந்த வறட்டி. கையை விட்டாள். பாம்பும் மழைக்குப் பயந்துதான் அங்கே படுத்திருந்தது. கையில் வழுவழுப்பாகப் பட்டதும் உதறிவிட்டு எழுந்தவள் பின்வாங்கும்போது அதன் மேலேயே மிதித்தாள். காலில் போட்டுவிட்டுத்தான் அது போனது. படம் எடுத்ததை அவளே பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. நடந்தே கரைக்கு வந்தாள்.

"தம்பி, எஞ்சின் போடு. அதே சனியன்தான்."

பாண்டுரங்கன் படகுக்குள் பாய்ந்தான். கட்டுப் போடக் கயிறு தேடினான், கிடைக்கவில்லை. கையில் அகப்பட்டது கேன் மூடித் துணி. அதை உருவி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். அவளைக் கூர் முனையில் கேன் பக்கத்தில் உட்கார வைத்தான். கனகம் ஓடிவந்து எஞ்சின் பக்கமாகத் தானும் ஏறினாள். படகு முன்னால் சாய்ந்து, பலகை மேல் தண்ணீர் சளசளவென்று உள்ளே இறங்கியது.

"நீ எறங்கு கனகம்," என்றாள் மரகதம். "எல்லாரும் முழுவறதுக்கா? போய்க் கொழந்தைங்களப் பாரு."

"கேன எறக்கிடட்டுமா அக்கா?"

"இருக்கட்டும். இந்தப் பக்கம் பாரம் வேணுமில்ல. பால் வண்டிக்காரன் நிப்பான். அவன் வண்டிலயே ஆஸ்பத்திரிக்குப் பூடலாம்."

கனகம் இறங்கினாள். பாம்பு தீண்டினவர்கள் கண்ணை மூடக்கூடாது, மூடினால் விஷம் ஏறிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நாகப்பனுக்கும் அப்படித்தான் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். இப்போது தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? திரும்பிப் பார்த்தால் கட்டையில் மோதுவான். பால் அளக்கிற அலுமினியப் படி கேனின் கழுத்தில் தொங்கியது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"அண்ணி, இத்தால கேனத் தட்டிக்கினே வா. நிறுத்தாத. சத்தம் கேட்டா நீ முழிச்சுக்கினு கீறன்னு எனக்குத் தெரியும்."

"தட்றேன். நீ தண்ணியப் பாத்து ஓட்டு."

எஞ்சின் பிடித்தது. படகு பின்பக்கமாக நகர்ந்தது. டக், டக், டக். அவள் தட்டினாள். நிதானமாக, உரலில் குத்துகிற கணக்காக.

ஏரி அன்று கரை தளும்ப இருந்தது. லேசாகத் தூறல். எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் திறந்தான், உடனே தண்ணீர் பலகையைத் தாண்டியது, குறைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி திறந்தான், மறுபடி தண்ணீர். வாளியால் இறைக்கலாம் என்றால் துடுப்பை விட வேண்டும். ஒன்றும் செய்ய முடியவில்லை. நேராகப் போகிற படகாயிருந்தால் இந்நேரம் பாதி ஏரி தாண்டியிருக்கும். அந்தச் சுத்தியும் துவைக்கிற கல்லும் மண்டைக்குள் அடித்துக்கொண்டன. அடப்பாவி, ஒரு நிமிஷம் யோசித்திருக்கக்கூடாதா நீ, என்று தன்னையே வைதுகொண்டான்.

பின்னால் டக், டக்.

"அப்பிடித்தான் அண்ணி," என்று கத்தினான். "நல்லா தட்டு."

தட்டல் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது. திரும்ப நினைத்தான், அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு கட்டை. உடம்பு முழுக்கச் சாய்த்துத் துடுப்பை வளைத்தான். கட்டை படகின் விலாவை உராய்ந்துவிட்டுப் போனது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

டக் டக், டக் டக்.

கேட்கிறது. முன்னைக்கு இப்போது வேகமாகவே கேட்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அண்ணிக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி. அண்ணன் காரியம் முடிந்த கையோடு எஞ்சினைக் கழற்றச் சொன்னவள் இல்லையா. பிழைத்துவிடுவாள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக யாக்கோபுவிடம் போய் நிற்க வேண்டும், பால் நின்றால் நிற்கட்டும் என்று முடிவு செய்தான். அதையும் அவளுக்குக் கேட்கட்டுமென்று உரக்கச் சொன்னான்.

"இன்னிக்கே மாத்திடறேன் அண்ணி. தைக்கெல்லாம் பாத்துக்கினு இருக்க மாட்டேன். இனிமே நீ என் முதுகாண்ட பேச வாணாம்."

டக் டக் டக் டக். விடாமல் தட்டிக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மிச்ச ஏரியைத் தாண்டினான். அக்கரையில் பால் சொசைட்டியின் ஓட்டுக் கூரை தெரிந்தது. பால் வண்டி தெரிந்தது. வண்டிக்காரன் குடையோடு இறங்கி நிற்பதும் தெரிந்தது. வந்துவிட்டோம், வந்துவிட்டோம் என்று ஒவ்வொரு தட்டலுக்கும் ஒருதரம் சொன்னான். கரைக் கல்லில் படகு முட்டியதும் எஞ்சினை நிறுத்தினான்.

எஞ்சின் நின்றது. தட்டலும் நின்றது.

திரும்பினான். மரகதம் உட்கார்ந்த வாக்கிலேயே கேன் மேல் சாய்ந்திருந்தாள். முகவாய் நெஞ்சில் படிந்திருந்தது. கண் பாதி திறந்து, பார்வை இல்லாமல் இருந்தது. அலுமினியப் படி படகின் அடியில், தேங்கிய தண்ணீரில் கிடந்தது. அதற்குள் ஏறியிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தால், அது விழுந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

வண்டிக்காரன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தான், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். தலைத்துண்டை எடுத்தான். உடம்பு ஏற்கெனவே சில்லிட்டிருந்தது.

"இப்பதான் தட்டிக்கினு இருந்தா," என்றான் பாண்டுரங்கன். "கரை வர்ற வரைக்கும் தட்டிக்கினே வந்தா. நான் கேட்டுக்கினேதான் வந்தேன். இப்பதான்."

பாண்டுரங்கன் அவள் காலைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே, இறுகக் கட்டியிருந்த கனகத்தின் புடவைத் துணி. அதிலிருந்து கண்ணை எடுத்துக் கேன் மூடியைப் பார்த்தான். பிறகு, கரைக் கல்லில் முட்டி நின்ற படகிலேயே, எஞ்சினிடம் போய் எஞ்சினை மறுபடி சுண்டினான்.

வண்டிக்காரன், இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக் கையைப் பிடித்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு அதிர்ந்தது. மரகதத்தின் தோளுக்குப் பக்கத்தில் கேன் மூடி ஆடத் தொடங்கி, டக் டக் டக் டக்கென்று விடாமல் தட்டியது.

பாண்டுரங்கன் குந்தி உட்கார்ந்து அதைக் கேட்டான். மண்ணெண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கிறவரை அவனை யாராலும் எழுப்ப முடியவில்லை.